செவலையை வாங்கிக் கொடுத்தவன் நான்தான்

போன வாரம் இலஞ்சிப் பக்கம் ஒரு புதுமனை புகுவிழாவுக்குப் போயிருந்தேன். சாப்பாடு முடிந்து, கிராம்பு வைக்காத பீடா ஒன்றைக் கேட்டு வாங்கி வாயில் போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தால், அங்கே ஒரே கூட்டம். சுவரை ஒட்டி ஆறடிக் கண்ணாடித் தொட்டி. உள்ளே ஒரே ஒரு மீன். கறுத்த முதுகு, வெளுத்த வயிறு, வாயைச் சுற்றி ஆறு மீசை, செக்கச் சிவந்த வால். இரண்டரை அடிக்குக் குறையாது. திரும்ப வேண்டுமென்றால் உடம்பை வில்லாக வளைத்துத்தான் திரும்ப வேண்டும். வீட்டுக்காரர் ஒரு பிளாஸ்டிக் பையிலிருந்து உயிருள்ள தங்கமீன்களை ஒவ்வொன்றாக உள்ளே விட்டார். அது அசையவே இல்லை. வாயைத் திறந்தது; தங்கமீன் காணாமல் போனது. பிள்ளைகள் கைதட்டினார்கள். பெரியவர்கள் செல்போனில் படம் பிடித்தார்கள்.

வீட்டுக்காரர் என்னைப் பார்த்து, "எப்படி இருக்கு அண்ணாச்சி?" என்றார்.

"நல்லா இருக்கு" என்றேன்.

நல்ல நாளில் வேறென்ன சொல்ல முடியும்? ஆனால் வீட்டுக்கு வந்ததிலிருந்து அந்த இரண்டு வார்த்தை தொண்டையில் நெத்திலி முள்ளாகக் குத்திக்கொண்டே இருக்கிறது. அவரிடம் சொல்லாமல் விட்டதை இங்கே சொல்லிவிடுகிறேன். இதைப் படித்து அவருக்குக் கோபம் வந்தால் வரட்டும். எனக்கு வயது எழுபத்து நாலு. இனி யார் கோபத்துக்குப் பயந்து என்ன ஆகப் போகிறது?

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். ஆளை விழுங்குகிற மாதிரி வாய் வைத்த ராட்சத மீன்களை வீட்டுத் தொட்டியிலும் கூடத்துக் குளத்திலும் வளர்ப்பது தப்பு. அந்த மீனுக்கு அது கொடுமை. நம் ஆற்றுக்கு ஆபத்து. வளர்க்கிற பிள்ளைக்குத் தப்பான பாடம். இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்பீர்கள். உண்டு. நானே அப்படி ஒன்றை வாங்கினவன்.

2021ஆம் வருஷம். பள்ளிக்கூடம் மூடிக் கிடந்த காலம். மகள் வயிற்றுப் பேரன் வீட்டுக்குள்ளேயே அடைந்து, செல்போனே கதி என்று கிடந்தான். கவனம் திரும்பட்டுமே என்று ஒரு மீன் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவன் கை நீட்டியது ஒரு விரல் நீளக் குட்டியை. சிவப்பு வால், துறுதுறு மீசை. "ரெட் டெயில் கேட்ஃபிஷ், சார். ராசியான மீன்" என்றார் கடைக்காரர். எவ்வளவு பெரிசாகும் என்று கேட்டேன். முப்பத்து மூன்று வருஷம் புதுச்சேரி அரசு ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தவன்; கேட்காமல் எதிலும் கையெழுத்துப் போடமாட்டேன். "தொட்டி அளவுக்குத்தான் சார் வளரும். சின்னத் தொட்டின்னா சின்னதாவே இருக்கும்" என்றார். நம்பினேன்.

நான் படித்ததெல்லாம் புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். எங்கள் தலைமுறைப் பிள்ளைகள் கணக்கு வாய்பாட்டுக்கு முன்னால் லா ஃபோந்தேன் நீதிக்கதைகளை மனப்பாடம் செய்தவர்கள். அதில் சின்ன மீனும் மீன்பிடிப்பவனும் என்று ஒரு கதை. தூண்டிலில் மாட்டிய குட்டி மீன், இப்போது என்னை விட்டுவிடு, நான் வளர்ந்த பிறகு வந்து பிடித்துக்கொள் என்று கெஞ்சும். மீன்பிடிப்பவன் கேட்கமாட்டான். கையில் இருப்பதை விட்டுவிட்டு வரப்போவதை நம்பாதே என்று வாத்தியார் அதற்கு விளக்கம் சொன்னார். அறுபது வருஷம் கழித்து எனக்கு அந்தக் கதை தலைகீழாக நடந்தது. கதையில் மீன், வளர்வேன் என்று சத்தியம் செய்தது. கடையில் மனுஷன், வளராது என்று சத்தியம் செய்தார். மீன் சொன்னதுதான் நிஜம்.

இந்த மீனின் ஊர் தென் அமெரிக்கா. அமேசான், ஓரினோக்கோ போன்ற பேராறுகள். நம் தாமிரபரணியைக் கிளை வாய்க்கால் என்று சொல்லத் தோன்றும் அளவுக்கு அகலமான ஆறுகள் அவை. அங்கே இது நாலடிக்கு மேல் வளரும். ஐம்பது கிலோவைத் தாண்டிய மீன்கள் தூண்டிலில் சிக்கியிருக்கின்றன. தொட்டி அளவுக்குத்தான் வளரும் என்பது உலகம் பூராவும் மீன் கடைகளில் புழங்குகிற பொய். தொட்டி சின்னதாக இருந்தால் மீன் தன் வளர்ச்சியை யோசித்து நிறுத்திக்கொள்வதில்லை. தன் கழிவிலேயே தான் நீந்தி, அமோனியாவில் செவுள் வெந்து, முதுகு கோணி, சீக்கிரம் செத்துப்போகிறது. செத்துப்போன மீன் வளராதுதான். அந்த அளவில் கடைக்காரர் சொன்னது சரி.

எங்கள் மீனுக்குச் 'செவலை' என்று பெயர் வைத்தது அவன் ஆச்சி. அவள் பிறந்த வீட்டில் அந்த நிறத்தில் ஒரு காளை இருந்ததாம். முதல் மாதம் செவலை கூட இருந்த தங்கமீன்களைத் தின்றது. ஆறாவது மாதம் தன் நீளத்தில் பாதி இருந்த இன்னொரு மீனை விழுங்கிவிட்டு இரண்டு நாள் வீங்கிக் கிடந்தது. ஒரு நாள் ஃபில்டரின் ரப்பர் மூடியைக் காணோம். நாலு நாள் கழித்துக் கக்கியது. வருஷம் திரும்புவதற்குள் ஒன்றரை அடி. நாலடித் தொட்டி போதவில்லை என்று மாப்பிள்ளை முற்றத்தில் சிமெண்டுத் தொட்டி கட்டினார். ஆறுக்கு நாலு, ஆழம் இரண்டரை அடி. தினம் மத்தி மீன், கோழி ஈரல். மாதக் கரண்டு பில் ஏறியது. தண்ணீர் மாற்றுகிற நாளில் தெருவே நாறும்.

ஆரம்பத்தில் நாங்களும் பெருமைப்பட்டோம். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினோம். அதை மறைக்கமாட்டேன். ஆனால் ஒரு கோடை மத்தியானம் தூக்கம் வராமல் முற்றத்தில் உட்கார்ந்து, அது என்னதான் செய்கிறது என்று பார்த்தேன். ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்கு மூன்று வீச்சு. முட்டும். திரும்பும். மறுபடி மூன்று வீச்சு. மூக்கு நுனியில் தோல் உரிந்து வெள்ளையாக இருந்தது. ஒரு மணி நேரம் பார்த்தேன். அது செய்தது அவ்வளவுதான். இந்த ஜாதி மீன் கவனித்து வளர்த்தால் பத்துப் பதினைந்து வருஷத்துக்கு மேலும் உயிரோடு இருக்குமாம். ஆயுள் தண்டனைக் கைதிக்குக்கூட நடைப்பயிற்சிக்கு வெளியே விடுகிறார்கள்.

இனி ஆற்றுக்கு வருகிறேன். என் வழக்கில் பெரிய பகுதி அதுதான்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தப் பக்கத்துக்காரர்கள் யாரும் மறந்திருக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. திருநெல்வேலி, தூத்துக்குடி பட்ட பாடு உலகத்துக்கே தெரியும். தென்காசியில் அவ்வளவு இல்லை என்றாலும் எங்கள் தெரு தாழ்ந்த தெரு. ராத்திரி சாக்கடைக் குழாய் வழியாகத் தண்ணீர் எதிர்த்து ஏறி முற்றத்துக்குள் வந்துவிட்டது. கரண்டு இல்லை. மாப்பிள்ளை டார்ச் அடித்துப் பார்த்தால் சிமெண்டுத் தொட்டியின் விளிம்பும் வெள்ளமும் ஒரே மட்டம். தொட்டியில் மீன் இல்லை.

அந்த ராத்திரி என் வீட்டுக்குள் பேரனின் ஆச்சி பெயர் வைத்த மீனை, முழங்கால் தண்ணீரில் நான் பயத்தோடு தேடினேன். கொல்லைக் கதவுக்கு வெளியே பத்தடியில் வாய்க்கால். வாய்க்கால் போய்ச் சேர்வது சிற்றாறு. சிற்றாறு சேர்வது சீவலப்பேரியில் தாமிரபரணி. ஒரு கதவின் அடியில் நாலு விரல் இடைவெளி இருந்தால் போதும், என்னால் வந்த ஒரு பிசாசு அந்த ஆற்றுக்குப் போய்விடும். நல்ல வேளை, கதவின் அடிப்பலகையில் மண் மூட்டை அடுக்கியிருந்தோம். விடியற்காலம் அடுக்களையில் அரிசி டிரம்முக்குப் பின்னால் கிடந்தது. கோணிச் சாக்கைப் போர்த்தி இரண்டு பேராகத் தூக்கினோம்.

எங்கள் வீட்டில் மண் மூட்டை இருந்தது. எல்லா வீட்டிலும் இருக்குமா? மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் 2018 வெள்ளத்தில் என்ன நடந்தது? பண்ணைக் குளங்களும் அலங்கார மீன் தொட்டிகளும் உடைந்து, தண்ணீர் வடிந்த பிறகு மீனவர்கள் வலையில் அரபைமாவும் முதலை மூக்கு வைத்த அலிகேட்டர் காரும் வந்தன. அரபைமா அமேசான் மீன். அலிகேட்டர் கார் அமெரிக்க மீன். இரண்டும் ஆளுயரத்தைத் தாண்டக்கூடியவை. 2023 மே மாதம் காஷ்மீரில் தால் ஏரியில் ஏரி சுத்தம் செய்தவர்கள் கையில் அதே அலிகேட்டர் கார் அகப்பட்டது. அது தானாக நடந்து ஸ்ரீநகருக்குப் போகவில்லை. யாரோ ஒரு தாத்தா பேரனுக்கு வாங்கிக் கொடுத்திருப்பார்.

ஒரு மீன் போய் என்ன செய்துவிடும் என்பார்கள். நியாயமான கேள்வி. ஜோடி இல்லாமல் ஒரு மீன் குஞ்சு பொரிக்காது. செவலையின் ஜாதி நம் ஆறுகளில் பெருகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. பொய்யான புள்ளிவிவரம் காட்டிப் பயமுறுத்துவது என் வேலை இல்லை. ஆனால் ஒவ்வொருவரும் 'என்னுடையது ஒன்றுதானே' என்று விட்டால் ஆற்றில் எத்தனை சேரும்? நம் கண்ணெதிரிலேயே உதாரணம் இருக்கிறது. தொட்டிப் பாசியைத் தின்னும் என்று ஒவ்வொரு வீட்டிலும் வாங்கிப் போட்டோமே, டேங்க் கிளீனர், அதுவும் தென் அமெரிக்கக் கெளுத்தி வகைதான். முழம் நீளம் வளர்ந்ததும் ஏரியிலும் குளத்திலும் கொண்டுபோய் விட்டார்கள். இன்று சென்னை ஏரிகளிலிருந்து காசியில் கங்கை வரைக்கும் இருக்கிறது. உடம்பெல்லாம் ஓடு. கொக்குகூடத் தொடாது. வலையில் மாட்டினால் வலை கிழியும். கரையைக் குடைந்து முட்டை வைக்கும். விலை கிடையாது. அதையும் முதலில் விட்டவர் ஒன்றைத்தான் விட்டிருப்பார்.

இன்னொரு உதாரணம், ஆப்பிரிக்கன் கெளுத்தி. 1997லேயே மத்திய அரசு இதை வளர்க்கக் கூடாது, இருப்பதை அழிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. அதற்குப் பிறகும் நம் மாநிலத்தில் கலெக்டர்கள் மாறி மாறிப் பத்திரிகைக் குறிப்பு விடுகிறார்கள், தடை செய்யப்பட்ட மீனை வளர்த்தால் நடவடிக்கை என்று. குறிப்பு தொடர்ந்து வருகிறது என்றாலே மீனும் தொடர்ந்து வருகிறது என்று அர்த்தம். இது ஆபீஸ் வாழ்க்கை எனக்குக் கற்றுத் தந்த பாடம். ராஜஸ்தானில் பரத்பூர் பறவைகள் காப்பகத்துக்குள் இந்த மீன் புகுந்து, ஆள் வைத்து ஆயிரக்கணக்கில் பிடித்துப் போட வேண்டியதாயிற்று. மீன் குஞ்சைத் தின்றது போதாமல் நீர்ப்பறவைகளையும் விட்டுவைக்கவில்லை. நம் கூந்தங்குளத்தில் பறவை பயந்துவிடும் என்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காமல் இருக்கிற ஜனங்கள் வாழ்கிறார்கள். அந்தக் குளத்துக்கு யாராவது இந்தப் பரிசைக் கொண்டுபோய்க் கொடுத்தால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்.

நான் பிரெஞ்சுப் பத்திரிகைகளை இன்றும் மெதுவாகப் படிக்கிறவன். அந்த நாட்டின் கதையையும் சொல்லிவிடுகிறேன், இந்தியாவில்தான் இப்படி என்று யாரும் நினைக்க வேண்டாம். அங்கே 'சிலூர்' என்றொரு பெருங்கெளுத்தி. கிழக்கே தான்யூப் பக்கத்து மீன். இரண்டரை மீட்டருக்கும் வளரும். தூண்டில் பிரியர்கள் பெரிய மீன் பிடிக்கிற ஆசையில் பிரான்சின் ஆறுகளில் பரப்பிவிட்டார்கள். ஆல்பி என்ற ஊரில் தார்ன் ஆற்றங்கரையில் புறாக்கள் தண்ணீர் குடிக்க இறங்கும். இந்த மீன் தண்ணீரை விட்டு மணலில் பாதி உடம்பு ஏறிப் பாய்ந்து புறாவைக் கவ்விக்கொண்டு திரும்பும். 2012ல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காக விஞ்ஞானிகள் உட்கார்ந்து எண்ணியே பார்த்தார்கள்: 54 தடவை பாய்ந்ததில் 28 சதவீதம் வெற்றி. கரோன் ஆற்றில், கடலிலிருந்து முட்டையிட ஏறிவருகிற சால்மன் மீன்களுக்காக அரசாங்கம் அணையில் செலவு செய்து வழி கட்டிக் கொடுத்தது. சிலூர் அந்த வழிக்குள் போய் உட்கார்ந்துகொண்டு வருகிற சால்மனைத் தின்கிறது. கல்யாண மண்டப வாசலில் திருடன் உட்கார்ந்த கதை. பணக்கார நாடு, படித்த நாடு. விட்ட மீனைத் திரும்பப் பிடிக்க அவர்களாலேயே முடியவில்லை.

நம் ஆற்றில் என்ன இருக்கிறது, இழப்பதற்கு? நிறைய இருக்கிறது. அயிரை, கெண்டை, ஆரால், உளுவை, விரால் என்று நம் பாட்டிமார் குழம்பு வைத்தே பெயர் காப்பாற்றிய மீன்கள். பாபநாசம் படித்துறையில் காலை நீட்டினால் கூட்டமாக வந்து பொரி தின்கிற மீன்கள். தாமிரபரணியின் பெயரையே தன் அறிவியல் பெயரில் வைத்திருக்கிற ஒரு கெண்டை இருக்கிறது: டாகின்சியா தாம்ப்ரபர்ணியை. கையகல மீன். இந்த ஆற்றுப் படுகையின் சொந்த மீன். 1950களில் சைலஸ் என்ற இந்திய விஞ்ஞானி விவரித்துப் பெயர் வைத்தார். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் விழுகிற ஒரே ஒரு ஆறு அதன் உலகம். அந்த உலகத்துக்குள் செவலையின் வாயைக் கொண்டுபோய் வைக்க நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

எதிர்வாதங்களுக்குப் பதில் சொல்லாமல் போனால் அது கட்டுரை ஆகாது, ஏச்சு ஆகிவிடும்.

"என் காசு, என் தொட்டி, உமக்கென்ன?" என்பது முதல் வாதம். உங்கள் காசுதான். ஆனால் வெள்ளம் உங்கள் பட்டாவைப் பார்த்து வருவதில்லை. உங்கள் தொட்டிக்கும் ஊர் ஆற்றுக்கும் நடுவில் இருப்பது ஒரு மழைக்காலம் மட்டும்.

"நம் வாளை மீனும் விராலும் சின்ன மீனைத் தின்னத்தானே செய்கின்றன?" தின்கின்றன. ஆனால் அவையும் அயிரையும் பல்லாயிரம் வருஷம் ஒன்றாக வாழ்ந்து, ஒளியக் கற்றதும் பிடிக்கக் கற்றதும் சேர்ந்தே நடந்தது. வீட்டுப் பூனையைப் பார்த்துப் பழகிய எலியின் முன்னால் சிறுத்தையைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, அதுவும் பூனை ஜாதிதானே என்பது நியாயமா?

"நான் ஆற்றில் விடவே மாட்டேன், கடைசி வரை வைத்துக் காப்பாற்றுவேன்." மனமாரச் சொல்லுங்கள்: பதினைந்து வருஷம்? உங்கள் பிள்ளை காலேஜுக்குப் போன பிறகு? வீடு மாறினால்? நீங்களே போய்விட்டால்? பிரிட்டனில் பொதுக் காட்சியகங்கள், எங்களால் இனிமேல் உங்கள் ராட்சத மீன்களை ஏற்க இடமில்லை, தயவுசெய்து வாங்காதீர்கள் என்று பிரசாரமே நடத்த வேண்டி வந்தது. அங்கேயே இடமில்லை. தென்காசியில் யார் ஏற்பார்?

கடைசி வாதம், புண்ணியம். இதை எதிர்கொள்வதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் சொன்னவள் என் மனைவி. வெள்ளம் வடிந்த பிறகு செவலையை என்ன செய்வது என்று வீட்டில் பேச்சு வந்தது. "பாவம், வாயில்லா ஜீவன். கோயில் தெப்பக்குளத்துல விட்டிருவோம். இல்லன்னா அருவித் தண்ணி ஓடுற பக்கமா சிற்றாத்துல விட்டா அது பாட்டுக்குப் பொழச்சுக்கிடும்லா? புண்ணியமா போகும்" என்றாள். பேரன் முகம் மலர்ந்துவிட்டது. எனக்கும் ஒரு நிமிஷம் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. எல்லார் மனசும் குளிர்கிற தீர்வு. கை கழுவுகிற தீர்வுகள் எல்லாமே அப்படித்தான் இருக்கும். ஓர் உயிருக்குப் பெருமையாகக் கதவைத் திறந்துவிட்டு, கண்ணுக்குத் தெரியாத ஆயிரம் உயிருக்குச் சாவைக் கொடுப்பது புண்ணியம் ஆகாது. சிங்கப்பூரில் வெசாக் நாளையொட்டி மீனையும் ஆமையையும் விட்டுப் புண்ணியம் தேடுகிறவர்களைத் தடுக்க அரசாங்கமே வருஷா வருஷம் நீர்த்தேக்கக் கரைகளில் ஆள் நிறுத்திச் சொல்லிப் பார்க்கிறது. அன்பு கெட்டதல்ல. கணக்குப் பார்க்காத அன்பு கெடுக்கும்.

நான் ஓர் அரசு அலுவலகத்துக்குப் போனேன். மீனைத் தருகிறேன், எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். "இது எங்க செக்‌ஷன்ல வராது சார்" என்றார் அந்தப் பையன். அவனைக் கோபிக்கவில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்து அதே வாக்கியத்தை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! வாங்கிய கடைக்குப் போனேன். "இவ்வளவு பெரிசை யார் சார் வாங்குவா?" என்றார். வளராது என்று சொன்ன அதே வாய்.

கடைசியில் ஒரு கால்நடை மருத்துவர் உதவினார். வலியில்லாமல் முடிப்பதற்குக் கிராம்பு எண்ணெய் என்றார். தண்ணீரில் கலந்தால் மீன் முதலில் மயங்கும்; அளவு கூடினால் மூச்சு நிற்கும். பெரிய டப்பில் தண்ணீர் வைத்து அவரே வந்து கலந்தார். பேரனை அனுப்பிவிடலாம் என்றாள் மகள். அவன் போகவில்லை. "நான்தான தாத்தா கேட்டேன்" என்றான். "நீ கேட்ட; வாங்கினது நான்" என்றேன். முற்றம் முழுக்கக் கல்யாண வீட்டு வெற்றிலைத் தட்டு வாசனை. செவலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மீசை மட்டும் கொஞ்ச நேரம் ஆடியது. கொல்லையில் தென்னையடியில் புதைத்தோம். அவன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

இதை எழுதக் கூடாது என்று இரண்டு வருஷமாக நினைத்திருந்தேன். கொன்றவன் என்ன நீதி பேசுகிறான் என்று கேட்பீர்கள். அதற்காகவேதான் பேசுகிறேன். அந்த டப்பின் பக்கத்தில் நிற்கிற நிலைமை இன்னொரு தாத்தாவுக்கு வர வேண்டாம். விடுவதும் பாவம், வைத்திருப்பதும் பாவம், கொல்வதும் பாவம் என்கிற மூலைக்கு வந்துவிட்டால் மிச்சமிருப்பது பாவங்களில் சின்னது எது என்கிற கணக்கு மட்டும். அந்த மூலைக்குப் போகாமல் இருக்க ஒரே ஒரு இடம்தான் இருக்கிறது: கடையில், பர்ஸைத் திறப்பதற்கு முன்னால்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கு: வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தம் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆக்கிரமிப்பு அயல் இனங்களின் இறக்குமதியை, வியாபாரத்தை, வைத்திருப்பதைக் கட்டுப்படுத்த மத்திய அரசுக்கு அது அதிகாரம் கொடுக்கிறது. அதிகாரம் கொடுப்பது வேறு, ஆணை போடுவது வேறு, ஆணை கடைத் தெரு வரை நடந்து வருவது வேறு. 2017ல் மீன் தொட்டிக் கடைகளுக்கென்று மத்திய அரசு விதிகள் போட்டது, வியாபாரிகள் எதிர்த்தார்கள், சில மாதத்தில் வாபஸ். சென்னை கொளத்தூரில் அலங்கார மீனை நம்பி எத்தனையோ குடும்பங்கள் பிழைக்கின்றன. அவர்கள் பிழைப்பில் மண் போட நானும் சொல்லமாட்டேன். கப்பியும் மோலியும் ஏஞ்சலும் விற்கட்டும். விரல் அளவு மீனை வளர்க்கிற பிள்ளை நல்ல பிள்ளையாகத்தான் வளரும்.

நான் கேட்பது மூன்றே மூன்று. பெரிய புரட்சி இல்லை, ஒரு குமாஸ்தா கேட்கக்கூடியது. ஒன்று: ஒவ்வொரு தொட்டியின் மேலும் அந்த மீன் முழுசாக வளர்ந்தால் எத்தனை அடி என்று தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். 'ஷார்க்' என்று ஒரு குட்டியை விற்கிறார்களே, அது சுறா இல்லை. மீக்காங் ஆற்றுப் பங்காசியஸ் கெளுத்தி, ஓட்டலில் 'பாசா' என்று வறுத்து வைக்கிற அதே மீன், மூன்றடியைத் தாண்டும். அதை எழுதட்டும். இரண்டு: நாலடியைத் தாண்டுகிற மீனை விற்றால் வாங்குகிறவர் பெயர், விலாசத்தோடு ஒரு ரிஜிஸ்தர். துப்பாக்கிக்கு இருக்கிறதே. மூன்று: வளர்க்க முடியாமல் போன மீனை ஒப்படைக்க மாவட்டத்துக்கு ஒரு இடம். 2019ல் தென்காசி தனி மாவட்டம் ஆயிற்று. எத்தனையோ புது ஆபீஸ் திறந்தார்கள். ஒரு சிமெண்டுத் தொட்டியும் ஒரு படிவமும் அதில் சேர்ந்தால் அரசாங்கம் ஏழையாகிவிடாது.

இலஞ்சி வீட்டுக்காரரே, இது உங்கள் கண்ணில் பட்டால், உங்கள் விருந்துச் சாப்பாடு அருமை. அவியல் பிரமாதம். மீனைப் பற்றிக் கேட்டீர்களே, நான் சொன்ன பதில் தப்பு. நல்லா இல்லை. இன்றைக்கு ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகு தொட்டி எதிரில் ஒரு நாற்காலி போட்டு ஒரு மணி நேரம் உட்காருங்கள். அது எத்தனை தடவை திரும்புகிறது என்று எண்ணுங்கள். எண்ணி முடித்த பிறகு எனக்கு ஃபோன் செய்யுங்கள், எந்த நேரமானாலும். அடுத்து என்ன செய்வது என்று இரண்டு பேருமாக உட்கார்ந்து யோசிப்போம். சிற்றாற்றுப் பக்கம் மட்டும் தயவுசெய்து போக வேண்டாம்.